டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்த மெயில் சேர்வர்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் ஒரு நிறுவனத்தின் மெயில் சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வடக்கிலும் கிழக்கிலும் கிளைகள், ஏறத்தாழ 4,000 அஞ்சல்பெட்டிகள், 3 டெராபைட்டுக்குக் கிட்ட மெயில். எல்லாம் ஒரே இயந்திரத்தில். லினக்ஸ், அதன் மேல் அஞ்சல்பெட்டிகளைத் திறந்து காட்டும் மென்பொருளான டவ்கொட் 2.3. மெயில்களை வைத்திருப்பது மெயில்டிர் முறையில், அதாவது ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. லட்சக்கணக்கில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது சின்னதாகத் தெரியலாம். தனி ஆளாக இரவு பகல் பார்ப்பவனுக்கு இது பெரிய சேர்வர்தான்.

2022 மார்ச் 28, திங்கட்கிழமை காலை 8.40. மூதூர்க் கிளைக்குப் பொறுப்பான அக்கா போனில் வந்தார். "தம்பி, இன்பொக்ஸ் திறக்காமல் சுத்திக்கொண்டே நிக்குது. இப்பதான் கரண்ட் வந்தது. திரும்பப் போறதுக்கு முதல் இந்த லிஸ்டை அனுப்பிப்போட வேணும்." அவரோடு கதைத்து முடிப்பதற்குள் கிண்ணியா, பிறகு மன்னார், பிறகு எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடி. அந்த மாதம் மின்வெட்டு கிழமைக்குக் கிழமை நீண்டுகொண்டு போனது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். கரண்ட் இருக்கும் துண்டு நேரத்துக்குள்தான் கிளைகளில் எல்லா வேலையும் நடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் மெயில் நின்றால் அவர்களுக்கு அன்றைய நாளே போயிற்று.

நான் முதலில் செய்தது பிழையான வேலை. பதற்றத்தில் டவ்கொட்டை ரீஸ்டார்ட் செய்தேன். அதுவரை எப்படியோ இழுபட்டுக்கொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் இணைப்புகளும் அறுந்து, எல்லாம் ஒரே நிமிடத்தில் திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் டிஎல்எஸ் மறையாக்கம் புதிதாக, பாஸ்வேர்ட் சோதனை புதிதாக, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பார்ப்பதும் புதிதாக. இயந்திரத்தின் சுமையைக் காட்டும் லோட் எண் 90 இலிருந்து 210க்கு ஏறியது. மந்தமாக ஓடும் ஐமேப் சேர்வரை, அதாவது மெயிலை வாசிக்கக் கொடுக்கும் சேர்வரை, ஏன் மந்தம் என்று தெரியும் வரை நான் இப்போது ரீஸ்டார்ட் செய்வதே இல்லை. மந்தமாக ஓடும்போதுதான் காரணம் கண்முன்னே நிற்கும். நிறுத்தினால் காரணமும் அதோடு போய்விடும்.

இரண்டாவது தடவை ஆறுதலாக இருந்து பார்த்தேன். 16 கோர் இயந்திரத்தில் லோட் 200 என்றால் சிபியூ திணறுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இயந்திரத்தின் நிலையைக் காட்டும் விஎம்ஸ்டேட் கட்டளை சொன்னது வேறு. சிபியூ உண்மையில் வேலை செய்தது 10 வீதத்துக்கும் குறைவு. டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் 'டபிள்யூஏ' பத்தியில் மட்டும் 70க்கு மேல். லினக்ஸில் லோட் என்ற எண், ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ்களோடு, டிஸ்க் பதில் சொல்லும் வரை அசைய முடியாமல் நிற்பவற்றையும் சேர்த்தே எண்ணும். புரோசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அவற்றுக்கு நேரே 'டி' என்ற எழுத்து விழும். அன்று திரை முழுக்க 'டி'.

ஐமேப் சேர்வருக்குச் சிபியூ பெரும்பாலும் ஒரு பிரச்சினையே இல்லை. நாள் முழுக்க அது செய்வது சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுவதும் திறப்பதும்தான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, அங்குமிங்கும் தலையை நகர்த்தி வாசிக்க வேண்டியிருந்தால், ஒரு செக்கனுக்கு 100 தடவை வாசித்தாலே பெரிய காரியம். எங்களிடம் அப்படி 6 டிஸ்க், ஒன்றாகச் சேர்த்து ஒன்றுக்கொன்று பிரதி வைக்கும் ரெய்ட் 10 அமைப்பில். நல்லபடி கணக்குப் போட்டால் செக்கனுக்கு 600 வாசிப்பு. எங்களிடம் இருந்த சொத்து அவ்வளவுதான். அதை யார் தின்று தீர்க்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கின் வேகத்தைக் காட்டும் ஐஓஸ்டேட்டில் ஒரு வாசிப்புக்கு 400 மில்லிசெக்கன் காத்திருப்பு. வழமையாக 10, மிஞ்சினால் 15. டிஸ்க்கை யார் பாவிக்கிறார்கள் என்று காட்டும் ஐஓடொப்பைத் திறந்தேன். மேலே நின்றது ஆர்சிங்க், எங்கள் பேக்கப் வேலை.

அது நடுச்சாமம் 1 மணிக்குத் தொடங்கி விடிவதற்குள் முடிய வேண்டியது. டீசல் கிடைக்காத நாட்கள் என்பதால் இரவில் ஜெனரேட்டரை ஓட்டுவதை விட்டிருந்தோம். மின்வெட்டு நீண்டால் சேர்வரை முறையாக அணைத்துவிடுவோம். (அணைந்திருக்கும் நேரத்தில் வரும் மெயில் தொலைந்துவிடாது. அனுப்பும் சேர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும், வழமையாக 4, 5 நாள் வரை.) காலையில் கரண்ட் வந்ததும் சேர்வர் எழும்பும். எழும்பியதும் அனாக்ரொன், இரவு விட்டுப்போன வேலை ஒன்று இருப்பதைக் கண்டு, சில நிமிடங்களில் பேக்கப்பைத் தொடங்கும். கரண்ட் வந்த அதே நேரத்தில்தான் கிளைகளும் மெயிலைத் திறக்கும். 3 கோடிக்குக் கிட்ட கோப்புகளை ஆர்சிங்க் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போக, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நினைவில் வைத்திருந்த கோப்பு விவரங்கள் எல்லாம் வெளியே தள்ளுப்பட்டுப் போயின. மூதூர் அக்காவின் இன்பொக்ஸ் அந்தக் கூட்டத்தின் வால் பக்கத்தில் நின்றது.

ஆர்சிங்கை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் காத்திருப்பு 30க்கு இறங்கியது. மூதூருக்கு நானே எடுத்தேன். "போயிட்டுது தம்பி, போயிட்டுது" என்றார். நேரம் 9.25. அவர்களுக்குக் கரண்ட் போக இன்னும் 20 நிமிடம் இருந்தது.

பேக்கப்பை நிரந்தரமாகத் திருத்த இரண்டு கிழமை பிடித்தது. முதலில் ஐஓனைஸ் போட்டு, 'வேறு யாருக்கும் டிஸ்க் தேவைப்படாதபோது மட்டும் ஓடு' என்று வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எந்த வேலையை டிஸ்க்குக்கு முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர், எங்களிடம் எம்கியூ-டெட்லைன். நாங்கள் வைத்திருந்த பழைய கெர்னலில் அது ஐஓனைஸ் சொல்வதைக் காதில் வாங்காது. பிஎஃப்கியூ என்ற வேறு ஷெட்யூலருக்கு மாற்றிய பிறகுதான் கேட்டது. கடைசியில் ஆர்சிங்கையே விட்டுவிட்டு, டவ்கொட்டோடு வரும் டவ்அட்ம் பேக்கப்புக்கு மாறினேன். அது கோப்பு கோப்பாகத் தட்டிப் பார்க்காது. எந்த ஃபோல்டர் மாறியிருக்கிறது என்று, டவ்கொட் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பான இன்டெக்ஸைக் கேட்டு, மாறியதை மட்டும் அனுப்பும். ஒன்றை மறக்கக் கூடாது. அது கண்ணாடி மாதிரி. இங்கே ஒருவர் மெயிலை அழித்தால் அடுத்த ஓட்டத்தில் அங்கேயும் அழியும். அதனால் பேக்கப் இருக்கும் பக்கத்தில் நாளுக்கு ஒரு ஸ்னப்ஷொட், அதாவது அந்த நேர நிலையின் பிரதி, எடுத்து, 30 நாள் வைத்திருக்கிறோம்.

30 மில்லிசெக்கன் என்பதும் என் மனதுக்குச் சரிப்படவில்லை. வாசிப்பு பரவாயில்லை, எழுதுவதுதான் இழுத்தது. டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டின் கருவியில் போய்ப் பார்த்தபோது பற்றரி செத்துப் போயிருந்தது. கார்டில் எழுதும் கேஷ் இருக்கிறது, டிஸ்க்குக்குப் போகும் முன் எழுதுவதைத் தாங்கும் நினைவகம். கரண்ட் போனாலும் அதில் உள்ளது அழியாமல் காப்பது அந்தப் பற்றரி. பற்றரி செத்ததும் கார்டு தானாகவே கேஷை நிறுத்திவிட்டு, எழுதுவது ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் போட்ட பிறகே 'முடிந்தது' என்று சொல்லத் தொடங்கிவிடும். எப்போது செத்தது என்று பழைய லொக்கில் தேடினால், இரண்டு மாதத்துக்கு முன். யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியவன் நான்தான். மின்வெட்டில் ஏசி நின்றால் எங்கள் சேர்வர் அறை அடுப்படி மாதிரி. பற்றரிக்கு வெக்கை ஆகாது.

அந்தக் கருவியில், பற்றரி இல்லாவிட்டாலும் கேஷைப் போடு என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் அன்றே எல்லாம் பறந்திருக்கும். நான் தொடவில்லை. மெயில் சேர்வர் ஒரு மெயிலை வாங்கி 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டால், அனுப்பியவர் பக்கம் தன் பிரதியை அழித்துவிடும். அதற்குப் பிறகு அது எங்கள் பொறுப்பு. நாளுக்கு நாலு தடவை கரண்ட் போன அந்தக் காலத்தில், அந்தப் பொறுப்பைப் பற்றரி இல்லாத ஒரு கேஷிடம் கொடுக்க முடியாது என்று பட்டது. இதே காரணத்துக்காகத்தான் டவ்கொட்டில் எஃப்சிங்கை (எழுதியது டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்வதை) நிறுத்திவைக்கச் சொல்லும் அறிவுரைகளையும் நான் எடுப்பதில்லை. டொலர் எகிறி, சாமான் வராத காலம். பற்றரி கொழும்பில் கிடைக்க ஏழு கிழமை ஆயிற்று. வாங்கிக்கொண்டு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்து, விடியற்காலை நேராகக் கந்தோருக்குப் போய் மாட்டினேன். எழுதும் காத்திருப்பு 1 மில்லிசெக்கனுக்கு வந்தது.

அந்த ஏழு கிழமையைத் தாண்ட உதவியது வேறொரு வேலை. புதிய சேர்வர் வாங்கப் பணம் இல்லை. 480 ஜிகாபைட் எஸ்எஸ்டி இரண்டுக்கு மட்டும் கையெழுத்துக் கிடைத்தது. 3 டெராபைட் மெயிலுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் டவ்கொட் எதை அடிக்கடி வாசிக்கிறது என்று ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால், பெரும்பங்கு மெயில் கோப்புகளே இல்லை, இன்டெக்ஸ் கோப்புகள். ஃபோல்டரைத் திறக்கும்போது போன் கேட்பது யார் அனுப்பியது, என்ன தலைப்பு, என்ன திகதி என்பதைத்தான். அதெல்லாம் இன்டெக்ஸ் கேஷில் இருக்கிறது. எங்கள் இன்டெக்ஸ் முழுவதும் 70 ஜிகாபைட்டுக்குள். இரண்டு எஸ்எஸ்டியையும் ஒன்றுக்கு ஒன்று மிரராக வைத்து, மெயில் இருக்குமிடத்தைச் சொல்லும் வரியில் இன்டெக்ஸுக்கு மட்டும் வேறு பாதை கொடுத்தேன். முழுக் கதையிலும் காசுக்கு அதிகப் பலன் தந்தது அந்த ஒரு வரிதான்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் மெயில்டிரின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வடிவாகத் தெரிந்துகொண்டு கை வையுங்கள். அந்தத் திங்கட்கிழமை வந்த ஒரு மெயிலின் கோப்புப் பெயரைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் 1648432311. அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய செக்கன். நம் நேரத்துக்கு மாற்றினால் காலை 7.21. பிறகு, ஒரே செக்கனில் இரண்டு மெயில் வந்தாலும் பெயர் மோதாமலிருக்க மைக்ரோசெக்கனும் புரோசஸ் எண்ணும். பிறகு 'எஸ்=4542', மெயிலின் அளவு பைட்டில். கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, '2', ஒரு காற்புள்ளி, அதற்குப் பின் எழுத்துகள். 'எஸ்' என்றால் வாசித்தாயிற்று, 'ஆர்' என்றால் பதில் போட்டாயிற்று. டானியல் பேர்ன்ஸ்டைன் தன் கியூமெயில் என்ற மெயில் சேர்வருக்காக வடிவமைத்த ஏற்பாடு. மெயில் வாசிக்கப்பட்டது என்ற செய்தி கோப்பின் பெயரிலேயே இருப்பதால், மெயில்டிரில் இன்டெக்ஸ் அழிந்தால் நேரம்தான் போகும். டவ்கொட் திரும்பக் கட்டிக்கொள்ளும். பல மெயிலை ஒரே கோப்பில் வைக்கும் எம்டிபொக்ஸ் முறையில் அப்படி இல்லை. அங்கே அந்த அடையாளங்கள் இன்டெக்ஸில் மட்டும்தான் உண்டு. அழித்தீர்களோ, வாசித்தது வாசிக்காதது எல்லாம் போயிற்று.

மெயில்டிரிலும் அழியக் கூடாத கோப்பு ஒன்று இருக்கிறது: டவ்கொட்-யுஐடிலிஸ்ட். ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுத்த எண் அதில்தான் பதிந்திருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் போனும் கணினியும் 'இது என்னிடம் இருக்கிறது, அது இல்லை' என்று கண்டுபிடிக்கின்றன. ஒரு கிளையின் பெட்டிகளை நகர்த்தும்போது அந்தக் கோப்பையும் சும்மா ஒரு இன்டெக்ஸ் என்று நினைத்து விட்டுவிட்டேன். சேர்வர் எல்லா மெயிலுக்கும் புது எண் போட்டது. அங்கிருந்த ஒன்பது கணினிகளும் இருந்ததை எறிந்துவிட்டு முதல் மெயிலிலிருந்து இறக்கத் தொடங்கின. டொங்கிளில் ஓடும் கிளை. மாதம் முழுதுக்குமான டேட்டா ஒரே நாளில் தீர்ந்தது. அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிளையிலிருந்து ஒரு பெட்டியை முதலில் நகர்த்தி, ஒரு நாள் பார்த்து, பிறகே மற்றவை.

கிண்ணியாவின் பிரச்சினை வேறு மாதிரி. டிஸ்க் சரியான பிறகும் அவர்களின் பொதுப் பெட்டி மட்டும் விட்டு விட்டு வேலை செய்தது. காலையில் முதலில் வருகிறவருக்குத் திறக்கும், மூன்றாவது ஆளுக்குப் பாஸ்வேர்ட் பிழை என்று சொல்லும். அவர்கள் நாலு தடவை பாஸ்வேர்ட்டை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். லொக்கில் காரணம் முழு வசனமாகவே எழுதியிருந்தது: ஒரே பயனர், ஒரே ஐபி, இணைப்பு வரம்பு 10 தாண்டியது. அந்தப் பெட்டியை ஆறு பேர் பாவிக்கிறார்கள், எல்லாரும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால், ஆகவே ஒரே ஐபி. தண்டர்பேர்ட் தானாகவே ஆளுக்கு 5 இணைப்பு வரை திறந்து வைத்துக்கொள்ளும். ஆறைந்து முப்பது. வரம்பை 50 ஆக்கினேன், அன்றே தீர்ந்தது. வரம்பே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள். பைத்தியம் பிடித்த ஒரு போன் நூற்றுக்கணக்கில் இணைப்புத் திறப்பதைத் தடுப்பதும் அதுதான். யார் எத்தனை இணைப்பு வைத்திருக்கிறார்கள் என்று டவ்அட்ம் ஹூ ஒரே பட்டியலில் காட்டும். கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள்.

லொக்கை வாசிக்கும் பழக்கம் இருந்தால் சுலபமாகப் பிடிபடும் இரண்டு வரம்புகள் இன்னும் உண்டு. ஒன்று, 2.3 பதிப்பில் லொகின் புரோசஸ் 100 என்று இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு இணைப்பை மட்டும் பார்க்கும், டிஎல்எஸ் என்றால் கடைசி வரை அதோடே இருக்கும். 101ஆவது ஆள் வாசலில் நிற்பார். ஒரு புரோசஸ் பல இணைப்புகளைப் பார்க்கும்படி மாற்றலாம். அந்த புரோசஸில் ஓட்டை விழுந்தால் பலரின் இணைப்பு சேர்ந்து வெளிப்படும் என்பதையும் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மற்றது ஐநோட்டிஃபை, புது மெயில் வந்ததைக் கெர்னல் உடனே சொல்லும் வழி. எல்லாப் பெட்டிகளும் ஒரே லினக்ஸ் பயனரின் கீழ் இருந்தால், ஒரு பயனருக்குக் கெர்னல் கொடுக்கும் 128 என்ற வரம்பு சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு புது மெயில் உடனே தெரியாமல் அரை நிமிடம் பிந்தித் தெரியும். எண்ணைக் கூட்டினால் சரி.

அப்புறம் தேடல். கணக்குப் பகுதியில் ஒரு ஐயா. அவருடைய இன்பொக்ஸில் 82,000 மெயில், எல்லாம் ஒரே ஃபோல்டரில். தினமும் 9 மணிக்கு ஒரு பில் இலக்கத்தை மெயிலின் உள்ளே தேடுவார். சொற்தேடல் இன்டெக்ஸ் இல்லாத சேர்வர் அதற்கு என்ன செய்யும்? 82,000 கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கும். பதில் வரவில்லை என்று அவர் திரும்ப அழுத்துவார், இரண்டாவது தேடலும் தொடங்கும். "சேர், பழையதை அழிக்கலாமா?" என்று கேட்டேன். "அழிக்கமாட்டன் தம்பி. ஒரு நாளைக்கு யாராவது கேட்டால் காட்டிறதுக்கு இதுதான் இருக்கு." அவர் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் கடதாசிகளை இழந்து, பிறகு தங்களை நிரூபிக்க அலைந்தவர்கள் எத்தனை பேர். அவருடைய மெயிலைக் குறைக்கச் சொல்வதைவிட, அவர் தேடுவது உடனே கிடைக்கும்படி செய்வதுதான் என் வேலை என்று பட்டது.

சொற்தேடல் இன்டெக்ஸ் கட்டும் சொலர் என்ற மென்பொருள் நல்லது, ஆனால் ஜாவாவில் ஓடுவது, நினைவகம் நிறையக் கேட்கும். நாங்கள் அதே வேலையைச் செய்யும் ஸேப்பியன் பிளகினைப் போட்டோம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இரவில் இன்டெக்ஸ் செய்யப் போனால் பழைய ஆர்சிங்க் கதைதான் திரும்பும். அதனால் இரவுக்கு 50 பெட்டி, பெரிய பெட்டிகள் முதலில், விடிய 5 மணிக்கு நிறுத்து. மூன்று மாதம் ஆயிற்று. ஐயாவின் பெட்டி இரண்டாம் இரவு முடிந்தது. அடுத்த நாள் அவர் மேலே ஏறி வந்து, கதவடியில் நின்று, "என்ன தம்பி செய்தனீர்? அழுத்தின உடனே வருது" என்றார். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சம்மதித்தார்.

இப்போது 2.4க்கு மாறும் வேலை நடக்கிறது. 2025 ஜனவரியில் வந்த பதிப்பு. 2.3 இன் கொன்ஃபிக் கோப்பை அப்படியே வைத்தால் அது ஓடாது. மெயில் இருக்குமிடத்தைச் சொன்ன அந்த ஒற்றை வரியே இப்போது பல வரிகளாகப் பிரிந்துவிட்டது. இன்டெக்ஸ் பாதையைத் தனியாக எழுத வேண்டும், மறந்தால் இன்டெக்ஸ் எல்லாம் திரும்பப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போய் இருந்துவிடும். பழைய இயந்திரம் ஒன்றில் என்னுடைய சொந்தப் பெட்டியின் பிரதியை வைத்துச் சோதிக்கிறேன். 61,000 மெயில். யுஐடிலிஸ்ட் கோப்பின் முதல் வரியை முன்னும் பின்னும் எழுதி வைத்து ஒப்பிட்டேன், எண் மாறவில்லை. இந்தக் கிழமை மூதூரில் ஒரு பெட்டி. அக்காவிடம் கேட்டாயிற்று, வெள்ளி பின்னேரம் வேலை முடிந்த பிறகு செய்யச் சொன்னார்.